நல்லம்பள்ளிக் கிணறுகளும் என் ரிலேயும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதம். தர்மபுரி சப்-ஸ்டேஷனிலிருந்து நல்லம்பள்ளிக்குப் போகும் லைன், கரண்ட் விட்ட கையோடு அணைந்துவிடுகிறது என்று சேலத்திலிருந்த எங்கள் ஆபீசுக்குத் தந்தி வந்தது. லைனில் கோளாறு வந்து கரண்ட் தாறுமாறாக ஓடினால் சுவிட்சைத் தள்ளி அணைத்துவிடும் காவல்காரப் பெட்டிக்குத்தான் ரிலே என்று பெயர். எவ்வளவு கரண்டுக்குத் தள்ளவேண்டும் என்று அதற்கு அளவு வைப்பது என் உத்தியோகம். அந்த லைனுக்கு அளவு வைத்தவனும் நானே. ரோஷம் வராமல் இருக்குமா? மறுநாளே கிளம்பிவிட்டேன்.

சேலத்திலிருந்து தர்மபுரி நாற்பது மைல். பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடும் பஸ். தொப்பூர் மேட்டில் டிரைவர் திரும்பிப் பார்த்து, "எறங்கி ஒரு கை குடுங்க சார், வண்டிக்கு மூச்சு வாங்குது" என்றார். டிக்கெட்டும் எடுத்து பஸ்ஸையும் தள்ளினோம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வராதீர்கள்.

சப்-ஸ்டேஷனில் ரிலேயைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. ஆபரேட்டர் முனுசாமி தலையைச் சொறிந்தார். "அளவக் கொஞ்சம் ஏத்தி வுட்டுருங்களேன் சார். எல்லாருக்கும் நிம்மதி."

ஏற்றுவது சுலபம். அப்புறம் கம்பி அறுந்து வயலில் விழுந்தாலும் ரிலே தூங்கும். மிதிக்கிறவர் கதி என்ன? முடியாது என்று சொல்லிவிட்டு, சைக்கிள் வாங்கிக்கொண்டு அதியமான்கோட்டை வழியாக ஆறு மைல் மிதித்தேன்.

நல்லம்பள்ளியில் ரோட்டோரமாகவே வரிசையாக ஏழு கிணறுகள், ஏழு மோட்டார்கள். முதல் கிணற்றுக்காரி மாதம்மாள் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"கவலை கட்டித் தண்ணி எறைச்ச மாட்ட வித்துத்தாங்க இந்த மோட்டர வாங்கனேன். இப்ப மாடும் இல்ல, தண்ணியும் இல்ல. கல்லக்கா கருகுது பாருங்க."

பார்த்தேன். நிலக்கடலைச் செடி இலை சுருண்டு கிடந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கினால் அதிகம்.

அப்போதுதான் மோட்டார் சுவிட்சைக் கவனித்தேன். கரண்ட் இல்லாத நேரத்திலும் போட்டபடியே இருந்தது. ஏழு கிணற்றிலும் அப்படித்தான்.

"ஏம்மா, அணைச்சு வைக்கக்கூடாதா?"

"நல்லாருக்கே! ஏழு கெணத்துக்கும் ஒரே ஊத்துங்க. மொதல்ல ஓடறவனுக்குத்தான் தண்ணி. நான் அணைச்சுட்டு வூட்டுக்குப் போனா, பக்கத்தூட்டு மாதையன் உறிஞ்சிப்புடுவான்."

விஷயம் விளங்கிவிட்டது. மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். கரண்ட் வந்ததும் ஏழும் ஒரே மூச்சில் இழுத்தால், கம்பிதான் அறுந்துவிட்டது என்று ரிலே நினைத்துக்கொள்கிறது. அதன் மேல் என்ன தப்பு?

எல்லோரையும் கூட்டி, சுவிட்சை அணைத்து வைத்து, கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றாகப் போடுங்கள் என்றேன். யார் கடைசி என்று ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் மாதம்மாளே எழுந்தாள்.

"இன்னிக்குக் கடைசி நான் போடறேன். நாளைக்கு மொதல்ல நானு. தெனம் மொறை மாத்திக்கலாம். என்ன மாதையா, சம்மதமா?"

மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தலையாட்டினான். ஒவ்வொருவரும் தன் மோட்டார் ஓடியதும் துண்டை ஆட்டவேண்டும், அதைப் பார்த்து அடுத்தவர் போடவேண்டும் என்று முடிவாயிற்று.

சாயங்காலம் கரண்ட் வந்தது. ஒவ்வொரு துண்டாக ஆடியது. கடைசியாக மாதம்மாளின் குழாய் இருமி, சேற்றைத் துப்பி, பிறகு தண்ணீரைக் கொட்டியது. லைன் அணையாமல் நின்றது. அவள் நன்றியெல்லாம் சொல்லவில்லை, ஒரு கூடை பச்சைத் துவரங்காயை என் சைக்கிளில் கட்டிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இந்த வழியாகப் பயணம் வருகிறவர்களுக்குச் சில யோசனைகள். திரும்பும்போது தொப்பூர் இறக்கம் என்பதால் பஸ்ஸைத் தள்ளவேண்டியதில்லை. ஒகேனக்கல் பார்க்கவேண்டுமானால் ஒரு நாள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வாய்க்கவில்லை.

முக்கியமானது ஒன்று. மறுநாள் காலை என் பஸ் நல்லம்பள்ளியைத் தாண்டியது. இரவில் நிறுத்தியிருந்த கரண்ட் அப்போதுதான் வந்து, மாதம்மாள் முதல் ஆளாகச் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். போய்வருகிறேன் என்று நான் ஜன்னல் வழியாகத் துண்டை ஆட்டினேன். அதைத் தங்கள் முறைக்கான சைகை என்று எடுத்துக்கொண்டு பாக்கி ஆறு பேரும் ஒன்றாகச் சுவிட்சைப் போட்டார்கள். ஏழு மோட்டாரும் ஒரு முறை உறுமி அடங்கின. மாதம்மாள் இடுப்பில் கை வைத்து பஸ்ஸையே பார்த்தாள்.

"அட, கரண்டு போயிருச்சாட்ட இருக்குதுங்களே" என்றார் டிரைவர்.

என் ரிலே கச்சிதமாக வேலை செய்தது. நல்லம்பள்ளியைத் தாண்டும்வரை துண்டை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.