மரம் வெட்டியாச்சு

எங்கள் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் சைக்கஸ் மரத்தை நட்டது நான்தான். குனோங் ராபாட்டில் மகன் இந்த வீட்டை வாங்கிய புதிதில், ரோட்டோர நர்சரியில் அன்னாசிப் பழம் போலக் கிடந்தது. பார்க்க ஈச்சங்கன்று மாதிரி இருக்கும், ஈச்சை இல்லை. தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு மறந்துவிடுங்கள் என்றான் நர்சரிக்காரன். மண்ணை மேடாக்கி வைத்தேன். அதற்குப் பிறகு அதற்கென்று நான் ஒரு வேலையும் செய்ததில்லை. வெயிலோ மழையோ, அது தன்பாட்டுக்கு நின்றது. பக்கத்து வீட்டு ரோஜாக்கள் உரம் தின்று தின்றே செத்துப்போயின.

இத்தனை வருஷம் கழித்து அதற்கு வெள்ளைப் பூச்சி பிடித்தது. மாவு தூவின மாதிரி ஓலைக்கு அடியில் அப்பிக்கொண்டு, மட்டையெல்லாம் பழுப்பாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மருமகளும் வேலைக்குப் போகக் கார் வாங்கினாள். இரண்டாவது கார் நிற்க மரம் இருக்கிற இடம்தான் தோது. மருமகள் தைப்பிங்கில் வளர்ந்தவள், நல்லவள், என் முகத்துக்கு நேரே சொல்லமாட்டாள். மகன்தான் வந்து, செத்த மரத்துக்கு எதற்கம்மா இடம் என்று கேட்டான். சாகவில்லை என்றேன். அவன் கேட்கவில்லை. புல் வெட்டுகிறவருக்குப் போன் போட்டு, சனிக்கிழமை வந்து அந்த மரத்தை வெட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டான்.

அவர் வந்தபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அவரும் என்னைப் போலச் சித்தியவான் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிய ஆள். எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை. உளியால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. விடிவதற்குள் வெட்டப் போவோம், வெட்டின மரம் மறுநாளும் நிரையில் நின்றுகொண்டிருக்கும்.

அவர் சைக்கஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்னாக்கா, தம்பி மரம் வெட்டச் சொன்னாரு. இதுல என்னா பால் வரப்போவுது?"

அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். எனக்கு அதிலேயே வழி கிடைத்துவிட்டது.

"வெட்டத்தானே சொன்னான், சாய்க்கச் சொல்லலியே. மட்டைய பூரா வெட்டுங்க. கட்டையில கை வைக்காதீங்க."

"தம்பி ஏசமாட்டாரா?"

"ஏசுனா என்னத்தான் ஏசணும். ஏசட்டும் பாப்போம்."

ஒரு மட்டை விடாமல் வெட்டினார். பூச்சி பரவாமல் எல்லாவற்றையும் பையில் கட்டித் தூக்கிப் போனார். நான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துப் பழைய பிரஷால் கட்டையை இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவினேன்.

சாயங்காலம் மகன் வந்து பார்த்தான்.

"அம்மா, வெட்டச் சொன்னேன்லா."

"வெட்டியாச்சு."

"இதுவா வெட்டுனது?"

"ஒன்னப் படிக்க வச்ச மரத்த எத்தன வருஷம் வெட்டியிருப்பேன். வெட்டுனதுல ஒண்ணாச்சும் செத்துச்சாடா?"

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். மகன் கட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தீபாவளிக்குள் குருத்து வராவிட்டால் வேரோடு தோண்டிவிடுவேன் என்றான். நானும் ஒத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டுக்காரி கேலி பேசினாள், மரத்துக்கு முடி இறக்கிவிட்டீர்களா அக்கா என்று. ஆமாம், வேண்டுதல் என்றேன். விளையாட்டாகச் சொன்னேனே தவிர, உள்ளுக்குள் பயம் இருந்தது. காலையில் எழுந்ததும் அதன் உச்சியை அழுத்திப் பார்ப்பேன். அமுங்கினால் அழுகல் என்று அர்த்தம். கல் மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றலாமா என்று கை பரபரக்கும். ஊற்றவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் உச்சியில் பஞ்சு விரிந்தாற்போல் இருந்தது. அப்புறம் அது குருத்தை ஒவ்வொன்றாக விடவில்லை. ஒரு வட்டம் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. மார்க்கெட்டில் விற்கிற பாக்கு என்கிற பெரணிக் கீரையின் நுனி போல ஒவ்வொரு ஓலையும் சுருண்டு, இளம்பச்சையாக, ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாமல். நான் யாரையும் கூப்பிடவில்லை. வேலைக்குக் கிளம்பிய மகன் தானாகவே பார்த்து, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பிறகு அவன்தான் மனைவியைக் கூப்பிட்டான்.

அவள் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இளசா இருக்கு அத்தே. இதத் தோண்ட வேணாம். என் காடி ரோட்டுலயே நிக்கட்டும்."

"நிக்கட்டும்லா" என்றேன்.

தீபாவளிக்குள் மட்டைகள் முற்றிக் குடை போல விரிந்துவிட்டன. வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மரத்தைப் பார்த்து நின்றார்கள். யார் வைத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் மகனே முந்திக்கொண்டு, அம்மா வைத்தது என்று தொடங்கிக் கதையைச் சொன்னான். நான் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.