ரெண்டு பேரும் வந்துட்டோம் சார்

பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் பாடம் நடத்துவார்கள். சேர்விடாப்பு, அதாவது பிள்ளைகளைச் சேர்க்கிற பதிவேடு, எழுதுகிறவன் பாட்டு வாங்குவான். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் தர வகுப்பாசிரியனாகவும் புதுப் பிள்ளைகளைப் பதிகிறவனாகவும் இருந்து, பதினாறு வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதிபர் "ஏன் சேர்த்தீங்க?" என்பார், பெற்றோர் "ஏன் சேர்க்கல?" என்பார்கள். இடாப்பைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் சகோதரங்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போன வருஷம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பென்சில்

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை, சரோஜா தன் மகள் பவித்ராவோடு என் மேசை முன்னால் வந்து நின்றார். கைக்குழந்தையாகப் படகேறி இந்தியாவுக்குப் போய், தமிழ்நாட்டில் அகதி முகாமில் வளர்ந்து, இப்போதுதான் குடும்பத்தோடு திரும்பியிருக்கிறார். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டார். தாயும் மகளும் எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில், தொழிலாளர் லயத்தில், சரோஜாவின் சித்தப்பா ராமையா வீட்டில் இருக்கிறார்கள்.

பொலித்தீன் பைக்குள்ளிருந்து காகிதங்கள் வந்தன. இந்தியாவில் எடுத்த பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பவித்ரா இலங்கைப் பிரஜை என்று சொல்லும் பத்திரம் இன்னும் வந்து சேரவில்லை. அதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. இப்படிப்பட்ட பெயர்களை எங்கள் பாடசாலையில் பென்சிலில் எழுதுவோம். சட்டமும் இல்லை, சுற்றறிக்கையும் இல்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போன வழக்கம்.

பென்சிலைப் பார்த்ததும் சரோஜாவின் முகம் சுருங்கியது. "தற்காலிகம்தான்மா, பத்திரம் வந்ததும் பேனாவுல எழுதிருவேன்" என்றேன். அவர் சொன்னார்: "முகாமுலயும் தற்காலிகம்னுதான் சார் சொன்னாங்க. அங்கதான் நான் வயசுக்கு வந்தேன், கல்யாணம் கட்டுனேன், இவளையும் பெத்தேன்."

ஒரு பெயர், இரண்டு ஆள்

மறுநாள் காலை வரவு எடுத்தேன். "பவித்ரா" என்றதும் வாசல் பக்கமிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது: "ரெண்டு பேரும் வந்துட்டோம் சார்!" பார்த்தால் சரோஜா. குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து நிற்கிறார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. பவித்ரா மேசைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

புதன்கிழமையும் வந்தார், வியாழக்கிழமையும் வந்தார். தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். முகாமில் அதிகாரி 'செக்கிங்' வருகிற நாளில் குடும்பத்தில் அத்தனை பேரும் நேரில் நிற்க வேண்டுமாம். ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்த மாமியாரின் பெயரை வெட்டிவிட்டார்களாம். அதைத் திரும்பச் சேர்க்க மாதக்கணக்காக நடந்தார்களாம். "இங்க பிள்ளை வந்தாப் போதும்மா" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். நன்றாகத் தலையாட்டிவிட்டு வெள்ளிக்கிழமையும் வந்து நின்றார். கேட்டதற்கு மெதுவாகச் சொன்னார்: "பென்சில்ல இருக்க பேரு சார். ஆளு நேர்ல நின்னாத்தான் நம்புவாங்க."

எந்த ஊர்க்காரி?

பவித்ரா வாயாடி. அதிபரை 'ஹெட்மாஸ்டர்' என்பாள். சத்துணவுக்கு என்ன மரக்கறி, அதாவது என்ன காய், என்று யாரோ கேட்டதற்கு, "மரத்துல கறி காய்க்குமா?" என்று திருப்பிக் கேட்டாள். தினேஷ் என்று ஒரு சண்டியன் அவளுக்கு 'இந்தியாக்காரி' என்று பட்டம் கட்டினான். அவள் அழவில்லை, நேராக என்னிடம் வந்து முறையிட்டாள். "அங்க எங்கள சிலோன்காரங்கன்னாங்க சார். இங்க வந்தா இந்தியாக்காரிங்கிறாங்க. ஏதாவது ஒண்ண முடிவு பண்ணச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. தினேஷை எழுப்பி நிறுத்தினேன். "உன் பாட்டனுக்குப் பாட்டன் எங்கிருந்துடா வந்தாரு? அவரும் படகுலதான் வந்தாரு. நம்ம ஆளுங்களும் பிரஜாவுரிமைப் பத்திரத்துக்குக் காத்துக் கிடந்தவங்கதான்" என்று ஒரு பிடி பிடித்தேன். பயல் வெலவெலத்துப்போய்க் கேட்டான்: "அப்ப நானும் இந்தியாக்காரனா சார்? எங்கம்மா சொல்லவே இல்லியே!"

நில்மினி டீச்சரின் தமிழ்

எங்கள் பாடசாலையில் சிங்களம் படிப்பிப்பவர் நில்மினி டீச்சர், கினிகத்தேனைக்காரர். சரோஜாவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது என்று அறிந்ததும், தன் லீவை எடுத்துக்கொண்டு அவரோடு பிரஜாவுரிமை அலுவலகத்துக்கு பஸ் ஏறினார். ஒரு தரமல்ல, மூன்று தரம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, கோப்பு எங்கே நிற்கிறது என்று விடாமல் கேட்டு வந்தார். மூன்றாம் தரம் போய் வந்தவரிடம், "உங்களுக்கு ஏன் டீச்சர் இந்தச் சோலி?" என்று நான் வாயை விட்டேன்.

அவர் தன்னுடைய தமிழில் சொன்ன பதில்: "அந்த ஆபீஸ் மாத்தயாவும் கேட்டது சார். நான் சொன்னது, இவங்க நம்ம அக்கா. அவர் கேட்டது, உங்க அக்கா எப்படி தமிழ்? நான் சொன்னது, நான் எப்படி சிங்களம், அது மாதிரிதான்!"

ஜீப் வந்த நாள்

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். அவருடைய ஜீப் வளைவில் ஏறுவது மேல்கணக்கு லயத்துக்கு நன்றாகத் தெரியும். ஜீப் என்றால் செக்கிங் என்பது சரோஜாவின் கணக்கு. அதிகாரி இறங்கும்போது, சரோஜா, சித்தப்பா, சித்தி, வேலைக்குப் போகாமல் படுத்திருந்த சித்தப்பா மகன் என்று நான்கு பேர் முற்றத்தில் உயர வரிசையில் நின்றார்கள். சித்தப்பா ராமையா தலைக்கம்பளியைக்கூடக் கழற்றியிருந்தார். "யாரு இவங்க?" என்றார் அதிகாரி. எங்கள் அதிபர் கொஞ்சமும் அசராமல், "பெற்றோர் சார், எப்பவும் இப்படித்தான், பாடசாலைமேல அவ்வளவு அக்கறை" என்றார். அதிகாரி மகிழ்ந்துபோய்க் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மகிழ்ச்சி இடாப்பைத் திறக்கும் வரைக்கும்தான். பவித்ராவின் பெயர்மேல் அவர் விரல் நின்றது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நல்ல மனிதர். ஆனால் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப இரண்டே கிழமைதான், பதினான்கு நாள்தான் இருந்தது, வகுப்பில் முதல் பிள்ளையே பவித்ராதான். இடாப்பை மூடிக்கொண்டே அவர் சொன்னார்: "பிள்ளைய வகுப்புல வச்சிருங்க, அதுல பிரச்சின இல்ல. ஆனா பரீட்சைப் பட்டியல்ல பென்சில் ஏறாது மாஸ்டர்."

பேனா

அந்த இரண்டு கிழமை எப்படிப் போனதென்று கேட்காதீர்கள். நில்மினி டீச்சர் அலுவலகத்துக்குத் தினமும் தொலைபேசி எடுத்தார். சரோஜா வாசலில் நிற்பதை ஒரு நாளும் விடவில்லை. பட்டியல் அனுப்ப மூன்று நாள் இருக்கையில், அதே பொலித்தீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேல்கணக்கிலிருந்து ஓடிவந்தார். பையை என் மேசையில் வைத்தார். பையைத் திறந்தேன், பத்திரம் வந்துவிட்டது.

பேனாவை எடுத்தேன். மை சிந்துகிற பிள்ளைகளை வருஷமெல்லாம் திட்டுகிற நானே முதலில் ஒரு வெற்றுத்தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டேன். பென்சில் எழுத்தின் மேலேயே ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தேன். மைக்கு வெளியே அங்கங்கே பென்சில் கோடு எட்டிப் பார்த்தது. அதைச் சுத்தம் செய்யலாமென்று அழிரப்பரை எடுத்ததும் சரோஜா பதறிப்போய்க் கையை நீட்டினார்: "அழிச்சிறாதீங்க சார். இத்தன நாளா அவள இங்க உக்கார வச்சது அந்தப் பேருதான்."

வராதவர்

மறுநாள் காலை வரவு எடுத்தேன். "பவித்ரா." "வந்திருக்கேன் சார்" என்றாள் அவள். பழக்கதோஷத்தில் வாசலைப் பார்த்தேன். பனிமூட்டம் மட்டும் நின்றது. குடையும் இல்லை, சரோஜாவும் இல்லை. வகுப்பு முழுவதும் என்னோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தது. பட்டம் கட்டிய தினேஷ் கழுத்தை நீட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் பார்த்தான். "அம்மாவுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டேன்.

பவித்ரா எழுந்து நின்று சொன்னாள்: "நல்லாத்தான் இருக்காங்க சார். இன்னைக்குத்தான் தோட்டத்துல கொழுந்தெடுக்கப் பேரு குடுக்க அவங்க சித்தியோட போனாங்க. இனிமே இங்க நான் ஒரு ஆளு வந்தாப் போதுமாம்."

பதினாறு வருஷமாக இடாப்பு எழுதுகிறேன். ஓர் ஆள் வராததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.