பழவேற்காட்டுக் கல்லறைக்குத் திருப்பிக் கொண்டுபோன கல்

பழவேற்காட்டு டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வழிகாட்டி வேண்டுமா என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் செல்வி போனில் அடிக்கிறாள். போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பதினோரு கிலோ கல் ஒன்றைத் திருப்பி வைக்கப் போனேன்.

எங்கள் ஊர் பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பம். எனக்குப் பதினாறு வயதில், ஏரியில் எங்கள் படகின் நங்கூரக் கல் கயிறு அறுந்து போய்விட்டது. அண்ணனும் நானும் அந்தக் கல்லறைக்குள் புகுந்து, எழுத்து வெட்டிய சின்னக் கல் ஒன்றைப் பெயர்த்து வந்தோம். செத்தவர்கள் வேறு தேசத்து ஆட்கள், கேட்க யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்பு. நாற்பது வருஷம் எங்கள் படகைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கல்தான். தொழிலை விட்டுப் பொன்னேரிக்கு மகள் வீட்டுக்கு வந்தபோதும் கூடவே வந்து, துணி துவைக்கும் இடத்தில் கிடந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவி போய்விட்டாள். கோட்டைக்குப்பத்து மணலில்தான் புதைத்தோம். அடுத்த மழைக்காலத்தில் காற்றும் தண்ணீரும் மேட்டைத் தட்டையாக்கிவிட்டன. போய் நின்றேன், எந்த இடமென்று தெரியவில்லை. வீடு திரும்பிக் கால் கழுவும்போது அந்தக் கல் கண்ணில் பட்டது. இதே வேலையை நான் யாருக்கோ செய்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

“அத்த அம்மாவுக்கே வெச்சிடேன் நைனா” என்றாள் செல்வி.

“எங்கனு வெக்கறது?” என்றேன்.

காலை 7.10க்குப் பொன்னேரியில் பஸ். பதினெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். கோணியைக் காலடியில் வைத்திருந்தேன்.

“இன்னா பெருசு, மூட்டையில?” என்றார் கண்டக்டர்.

“கல்லுப்பா.”

“எல்லாரும் அங்கருந்து கருவாடு வாங்கினு வருவாங்க. நீ இங்கருந்து கல்ல எடுத்தினு போறியா!”

பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிற தூரம்தான். நான் மூட்டையோடு இரண்டு இடத்தில் உட்கார்ந்து போனேன், இருபது நிமிஷம் ஆனது. வாசலில் ஒருவர் வந்து சரித்திரம் எல்லாம் சொல்கிறேன் என்றார். இந்தக் கல் எங்கே இருந்தது என்று கேட்டேன். போய்விட்டார். காவலாளி கோணியைப் பிரித்துப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

“வெளிய எடுத்துனு போறவங்களதான் புடிக்கச் சொல்லிருக்காங்க தாத்தா. உள்ள கொண்டாரவங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல.” கல்லில் இருந்த எழுத்தை விரலால் தடவினார். “படிச்சவன் எனக்கே இது புரியல” என்றார்.

கடலில் மீன் இருக்கும் இடத்தை நாங்கள் அடையாளம் வைப்பது எப்படியென்றால், கரையில் இரண்டு பொருள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் கோடு ஒன்று. வேறு பக்கம் அதேபோல இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் நம் இடம். கல்லை எடுத்த அன்று பழக்க தோஷத்தில் அதையும் பார்த்து வைத்திருந்தேன். உயரமான இரண்டு கூம்புக் கல்லறைகளின் நுனி ஒன்றாகச் சேர வேண்டும். வாசலில் இடது பக்கம் செதுக்கிய எலும்புக்கூட்டை ஒட்டினாற்போல் வெளியே ஒற்றைப்பனை தெரிய வேண்டும்.

கூம்புகள் இருந்தன. பனை இல்லை.

எதிர்ப்பக்கம் டீ விற்கும் அம்மாவிடம் கேட்டேன். “எங்க மாமியார் சொல்லும், நம்ம அடுப்புகிட்டதான் பனை இருந்துச்சாம்” என்றாள். அங்கேயே ஒரு சிவப்பு பக்கெட்டைத் தூக்கிப் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். கூம்புகளின் கோட்டிலேயே பின்னால் பின்னால் நடந்தேன்.

“தாத்தா, இன்னும் எம்மா நேரம் நான் பனமரமா நிக்கணும்? பால் பொங்குது!”

பக்கெட் எலும்புக்கூட்டின் தோளைத் தொட்டது. காலடியில் ஒரு சின்னக் கல்லறை. நீளம் மூன்றடிகூட இருக்காது. தலைமாட்டில் பள்ளம். குழந்தை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கல்லைக் கழுவி வைத்தேன். காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சரியாகப் பொருந்தியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டு கோடும் அங்கேதான் வெட்டின.

பிறகு ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குப்பம் போனேன். மணலில் ஒரு மணி நேரம் நின்றேன். கடலில் எத்தனையோ இடத்துக்கு அடையாளம் வைத்தவன், அவளைப் புதைத்த அன்று தலையை நிமிர்த்தவே இல்லை.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். உள்ளே கட்டணம் கிடையாது, குடிதண்ணீரும் கிடையாது. வழிகாட்டி இல்லாமலே பார்க்கலாம், ஒரு மணி நேரம் போதும். எதையும் எடுத்து வராதீர்கள். உங்கள் வீட்டில் யாரையாவது மண்ணில் வைக்கும் நாளில், அழுங்கள். அழுதுகொண்டே ஒரு தடவை நிமிர்ந்து சுற்றிலும் பார்த்துவிடுங்கள்.