பலாப்பழம் என்று சொன்ன அன்று

“என்ன தின்னாரு?” டாக்டர் அன்னபாக்கியம் அம்மாள் எங்களிடம் முதன்முதலில் கேட்ட கேள்வி இது. அவர் காலமான செய்தியைப் போன வெள்ளிக்கிழமை தென்காசிக் கடைத்தெருவில் கேட்டபோதும் அந்தக் குரல்தான் என் காதில் விழுந்தது.

அது ஒரு சாரல் காலம். அச்சன்புதூர் சுப்பையா, அவர் மைத்துனர் சங்கரன், நான் மூவரும் குற்றாலம் போயிருந்தோம். எண்ணெய் தேய்க்குமுன் உடம்புச் சூட்டுக்கென்று அபினி லேகியம் உருட்டிப் போட்டுக்கொள்வது அன்று சிலருக்கு வழக்கம். சுப்பையா போட்டுக்கொண்டது எனக்குத் தெரியாது. நான் குளித்துத் திரும்பியபோது கண் சொருகிக் கிடந்தார். “அருவியில தலையக் காட்டினா தெளிஞ்சிரும்” என்று சங்கரன் அவரைத் தூக்கிப் போய் நீரில் பிடித்தார். தெளியவில்லை, உதடு நீலம் பாரித்தது. குதிரை வண்டியில் போட்டு, தென்காசியில் அம்மாளின் ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம்.

“பலாப்பழம்தாம்மா. வயித்துக்குச் சேரல” என்றார் சங்கரன். மறுவாரம் சுப்பையாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அபினிக்காரன் மகள் என்று பேர் வந்தால் சம்பந்தம் நின்றுவிடுமே என்று அவருக்குப் பயம்.

அம்மாள் இமையைத் தூக்கிப் பார்த்தார். “பலாப்பழம் தின்னா கண்மணி கடுகாட்டம் சுருங்காது அண்ணாச்சி. நான் போலீஸும் இல்ல, சம்பந்தி வீடும் இல்ல. மூச்சு நிக்கப் போவுது. என்ன தின்னாரு?”

சங்கரன் உடைந்து அழுதார். “அபினிம்மா. ரெண்டு உருண்டை.”

அம்மாள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் தேங்கியதை வழித்தார்; ஊசி போட்டார். மூச்சு தளர்ந்தபோது குப்புறப் போட்டு விலாவை அமுக்கி விட்டார். கிடத்துவதையும் அமுக்குவதையும் எங்களுக்கும் செய்து காட்டினார், மாறி மாறி அமுக்கினோம். “விளக்கு எண்ணெய் இல்லாம அணையுது. நீங்க மேல தண்ணி ஊத்துதீங்க” என்றார், அவர் ஈரத் தலையைப் பார்த்து, கை நிற்காமலே. விளக்கு வைக்கும் நேரத்தில் சுப்பையா கண் திறந்தார். “ஏலே சங்கரா, என் வேட்டி எங்கலே?”

நிச்சயதார்த்தம் நடந்தது. அம்மாளும் வந்தார். பந்தியில் பலாச்சுளை வைத்தபோது, “இது சுப்பையா அண்ணாச்சிக்குச் சேராதே, சங்கரன் அண்ணாச்சிகிட்ட கேட்டியளா?” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். சம்பந்தி வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசிவரை விளங்கவிடவும் இல்லை அவர்.

“வெக்கத்துக்கு மருந்து அப்புறம் பாக்கலாம், மூச்சுக்கு இப்பமே பாக்கணும்” என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சொல்லும், அன்று என் கை பழகியதும்தான். மயங்கியும் மூச்சு ஓடுகிறவரை டாக்டர் வரும்வரை எப்படிக் கிடத்துவது என்று நீங்களும் பழகலாம்: இன்றே வீட்டில் ஒருவரைப் பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, வாய் தரையைப் பார்க்கும்படி திருப்பிப் பாருங்கள்.