நல்லதை மட்டும் எழுதிய டைரி

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நாற்பத்தெட்டு டைரிகளில் எழுத வேண்டும். ஒன்றாம் வகுப்பு, பி பிரிவு. பிள்ளைகள் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு ஓய்வெடுக்கிற நேரம் அது. ஓய்வாவது ஒன்றாவது, மேசைக்கு அடியில் காலால் சண்டை நடக்கும். நான் நிமிராமல் எழுதிக்கொண்டே போவேன். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையும் எப்படிப் படிக்கிறது என்று வீட்டுக்குத் தெரியப்படுத்துவது எங்கள் பள்ளியின் வழக்கம். திங்கட்கிழமை பெற்றோர் கையெழுத்தோடு டைரி திரும்பி வரும். பிரெஞ்சு படித்த பழைய குடும்பத்துக்காரர்கள் மட்டும் அதைக் கர்னே என்பார்கள். மற்ற எல்லோருக்கும் டைரிதான்.

அது கன்னியர் நடத்துகிற பள்ளி. டைரி விஷயத்தில் மதர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒன்று, இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் டைரியில் குறை எழுதக் கூடாது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு யாரோ ஒரு டீச்சர் சிவப்பு மையில் என்னவோ எழுதிவிட, அதைப் பார்த்த தகப்பன் பெல்ட்டைக் கழற்றியிருக்கிறான். பையன் திங்கட்கிழமை உட்கார முடியாமல் வந்திருக்கிறான். அன்றிலிருந்து எழுத்தில் நல்லது மட்டும்தான். குறை ஏதாவது இருந்தால் மாதக் கடைசிச் சனிக்கிழமை நடக்கும் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் நேரில், பக்குவமாகச் சொல்ல வேண்டும். சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனசோடு போட்ட சட்டம்.

அதனால் எங்கள் எல்லோரிடமும் இரண்டு நோட்டுகள் இருந்தன என்று சொல்லலாம். ஒன்று பிள்ளையின் டைரி. மற்றொன்று, நேரில் சொல்ல வேண்டியதை மறக்காமல் இருக்க டீச்சர் தனக்காக எழுதி வைத்துக்கொள்வது. என்னுடையது காக்கி அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. பிள்ளைக்கு ஒரு பக்கம். அது வகுப்பு பீரோவை விட்டு வெளியே போகாது.

நான் சொல்லும் வருஷம் ஏப்ரலில் என் கணவர் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். தினமும் காலையில் டாக்டர் வந்து, "நேத்துக்கு இன்னிக்குப் பரவால்லம்மா" என்பார். பத்து நாளும் பரவாயில்லைதான். பதினோராவது நாள் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் நான் அழுவேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பசி எடுத்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஜூனில் பள்ளி திறந்ததும் உப்பளத்திலிருந்து வழக்கம்போல சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வெயில் அடித்தால் வெயில், மழை பெய்தால் மழை. உடம்பு போய் வந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் டைரியில் நான் எழுதியது மொத்தம் நாலே நாலு வாக்கியம். நல்ல பிள்ளை. அமைதியான பிள்ளை. சுறுசுறுப்பான பிள்ளை. நன்றாக முயற்சி செய்கிறாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூட வேண்டாம். அட்டையில் இருக்கிற பெயரைப் பார்த்து, போன வாரம் என்ன எழுதினேனோ அதையே திருப்பி எழுதினால் போதும். கை அதுபாட்டுக்கு எழுதும். இருபத்தைந்து நிமிஷத்தில் நாற்பத்தெட்டையும் முடித்துவிடுவேன். ஏ பிரிவு டீச்சர் என் வேகத்தைப் பார்த்து, "மெஷின் தோத்துப் போவும் போங்க" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

கடைசிப் பெஞ்சில் நெல்லித்தோப்பிலிருந்து வருகிற ஒரு பெண் பிள்ளை இருந்தது. ரெட்டைப் பின்னல், இடது காதில் எப்போதும் ஒரு பஞ்சு. அதன் அப்பா சென்னையில் கட்டட வேலையில் இருந்தார். அம்மா ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையம் பக்கம் பாட்டில் கம்பெனியில் வேலை பார்த்தாள். காலையில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கும், சாயங்காலம் அதே ரிக்‌ஷாவில் ஏறிப் போகும். சத்தம் போடாது, அழாது, புகார் சொல்லாது. அமைதியாக இருக்கிற பிள்ளையைக் கடைசியில் போட்டு, ஆட்டம் போடுகிறதை முன்னால் போடுவது ஒன்றாம் வகுப்பு டீச்சர் எல்லோரும் செய்கிற காரியம். நானும் செய்தேன். டைரியில் வாராவாரம் "அமைதியான பிள்ளை" என்று எழுதினேன்.

அவள் விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. காலை ஜெபம் முடியும்போது வகுப்பு முழுக்க ஒரே குரலில் ஆமென் சொல்லும். சொல்லி முடித்து எல்லோரும் உட்காரத் தொடங்கும்போது, பின்னாலிருந்து தனியாக ஒரு ஆமென் வரும். பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும். அவளுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. அவளும் சேர்ந்து சிரிப்பாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்து ஒரு நாள் அவளை ஜெபம் முடிந்த பிறகும் நிற்க வைத்தேன். மறுநாளும் அதே தனி ஆமென் வந்தது.

காக்கி நோட்டில் அவள் பக்கத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். ஜூலையில்: "கூப்பிட்டால் திரும்புவதில்லை." செப்டம்பரில்: "கவனம் இல்லை. சொல்வதெழுதலில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள். அம்மாவிடம் சொல்ல வேண்டும்." டிசம்பரில்: "ஜெபத்தில் விளையாட்டு. அம்மாவிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்." அம்மாதான் வரவில்லை. மீட்டிங் சனிக்கிழமை நடந்தது, அவளுக்குக் கம்பெனியில் ஞாயிறு மட்டும்தான் லீவு. நான் ஒவ்வொரு மீட்டிங் முடிவிலும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் "வரவில்லை" என்று எழுதி நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். வரவில்லை என்றால் என் பொறுப்பு தீர்ந்தது. அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அந்த வருஷம் நான் எதையும் நினைக்கவில்லை.

பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம் பக்கத்துப் பெஞ்சுப் பையன் எழுந்து, "மிஸ், இவ காதுலேர்ந்து நாத்தம் வருது மிஸ்" என்றான். போய்ப் பார்த்தேன். பஞ்சு மஞ்சளாக ஊறிப்போயிருந்தது. மடத்தில் நர்ஸ் படித்த ஒரு வயதான சிஸ்டர் இருந்தார், அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பஞ்சை எடுத்துத் துடைத்தார். பிறகு அவள் பார்க்காமல் முதுகுப் பக்கம் போய் நின்று கையைத் தட்டினார். பிள்ளை சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் இன்னும் பலமாகத் தட்டினார். திரும்பவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

அன்று டைரியில் "அம்மா உடனே வரவும்" என்று எழுதினேன். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே வந்து நின்றாள். கம்பெனியில் கொடுத்த நீலக் கோட்டோடு வந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள், இருபத்தைந்து இருபத்தாறு இருக்கும். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது.

"வூட்லயும் அப்பிடித்தான் மிஸ். கூப்புட்டா திரும்பறதில்ல. டிவிய அலற வுடுவா. எனக்கே ரெண்டு வாட்டி தோணுச்சு, ஆஸ்பத்திரிக்கிக் கூட்டினு போவலாமான்னு. காதுல சீழ் வர்றது புள்ளைங்களுக்கு சகஜம்னு வுட்டுட்டேன். அப்புறம் நீங்க எழுதனத பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சுச் சொல்லும். நல்ல புள்ள, அமைதியான புள்ளன்னு. சரி, பள்ளிக்கூடத்துல ஒழுங்காத்தான் இருக்கா, வூட்லதான் திமிரு பண்றான்னு நெனச்சுக்கினேன்."

"அடிச்சேன் மிஸ்" என்றாள். "கரண்டியாலகூட அடிச்சேன்."

வீட்டில் அடி விழக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சட்டமே.

எதற்காகச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை, பீரோவைத் திறந்து காக்கி நோட்டை எடுத்து பிள்ளையின் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். என் மீது தப்பு இல்லை, நான் கவனித்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளவாக இருக்கலாம். ஜூலை, செப்டம்பர், டிசம்பர். அவள் விரலை அந்த எழுத்துமேல் வைத்துப் பார்த்தாள்.

"இத அப்பவே டைரியில எழுதி அனுப்பியிருந்தீங்கன்னா, கம்பெனியாவது ஒண்ணாவதுன்னு வந்திருப்பேனே மிஸ்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஆறு மாதமாக அவளுக்கு நானும் தினசரி வந்து 'பரவால்லம்மா' சொல்லிப் போகிற அந்த டாக்டராக இருந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. தெரிந்ததே தவிர, உள்ளே ஒன்றும் அசையவில்லை. மணி அடித்தது. வகுப்புக்குப் போய் 'ற' வரிசை சொல்லிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நானும் இரண்டு நாள் கூடப் போனேன். இடது காது சவ்வு போய்விட்டது, கேட்பது பெரும்பாலும் திரும்பாது என்றார்கள். வலது காதிலும் சீழ் தொடங்கியிருந்தது. நல்லவேளை, அதைக் காப்பாற்றலாம், இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார்கள். அந்த 'நல்லவேளை'யைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்தம்மா என் கைப்பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள், டீச்சர் சுமக்கக் கூடாது என்று.

மார்ச்சில் மருந்து பிடித்து சீழ் நின்றது. பிள்ளையை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன். அடுத்த வருஷம் எந்த டீச்சரிடம் போவாளோ தெரியாது. அதனால் மதரிடம் போய், சட்டத்தை ஒரே ஒரு டைரிக்கு மீறுகிறேன் என்றேன். "எழுதும்மா" என்றார் அவர். எழுதினேன்: "இடது காது கேட்காது. முதல் பெஞ்சில் உட்கார வைக்கவும். முகத்தைப் பார்த்துப் பேசவும். பின்னாலிருந்து கூப்பிட்டால் தெரியாது. எழுத்துகளில் பாதி இன்னும் வரவில்லை, முதலிலிருந்து சொல்லித் தர வேண்டும்." ஒன்பது மாதத்தில் அந்த டைரியில் ஏறிய முதல் உண்மை. கையெழுத்துக்காக அனுப்பினேன்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அந்தம்மாவே பள்ளி கேட்டுக்கு வந்தாள். கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனாலும் டைரியைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, ஏதாவது புரியலையா?"

"இல்ல மிஸ், பக்கத்து வூட்டுப் பொண்ணு முழுசும் படிச்சுச் சொல்லிடுச்சு. எல்லாம் சரிதான்." டைரியைப் புரட்டினாள். "இந்த வாட்டி நல்லதா ஒண்ணும் எழுதலயா மிஸ்? ஞாயித்துக்கெழம அவங்க அப்பாவுக்கு போன் பண்றப்ப, மிஸ் இந்த வாரம் இன்னா எழுதியிருக்காங்கன்னுதான் மொதல்ல கேப்பாரு."

எழுதித் தருகிறேன் என்று டைரியை வாங்கினேன். அங்கேயே, அவள் முன்னாலேயே பேனாவைத் திறந்தேன். கை ஓடவில்லை. அமைதியான பிள்ளை என்று எழுதலாம். அது முப்பது தடவை எழுதியாகிவிட்டது. வேறு என்ன? அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும், யாரோடு விளையாடும், எதற்குச் சிரிக்கும், ஒன்றும் எனக்குத் தெரியாது. காதில் பஞ்சு, ரெட்டைப் பின்னல், அவ்வளவுதான். ஒரு வருஷம் என் கண் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. கணவர் போன பிறகு அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக நெஞ்சு வலித்தது. "நாளைக்கு எழுதித் தரேம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

மறுநாள் காலை ஜெபத்துக்கு நான் கண்ணை மூடவில்லை. முதல் பெஞ்சில் நின்றிருந்த அவளை மட்டும் பார்த்தேன். கையைக் கூப்பிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் எப்படி அசைகிறதோ அப்படியே இவள் வாயும் அசைந்தது, ஓரிரு சொல் பின்னால். அப்படியே ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லோரும் ஆமென் சொல்லி உட்கார்ந்தார்கள். சிரிப்பும் கிளம்பியது. அவள் உட்காரவில்லை. மிச்சத்தையும் சொல்லி, ஆமென் சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அப்புறம்தான் உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக இவ்வளவு பேர் சிரித்தும் ஒரு நாள்கூட அவள் அதைப் பாதியில் விட்டதில்லை.

வகுப்பைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு டைரியை எடுத்து, காதைப் பற்றி எழுதியதற்குக் கீழே எழுதினேன்: "தொடங்கியதை முடிக்காமல் விடமாட்டாள்."

அந்த வருஷம் நாற்பத்தெட்டு டைரிகளிலும் நான் எழுதியதில், பிள்ளையைப் பார்த்து எழுதியது அது ஒன்றுதான்.