அப்பா எடுக்காத படம்

மலேசியாவின் தெப்ராவ் வட்டாரத்தில் என் அப்பா தாலி கட்ட வைத்தவர்கள் ஏராளம். அவர் ஐயரும் இல்லை, தரகரும் இல்லை. வார நாட்களில் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சனி, ஞாயிறில் கல்யாணப் படம் எடுப்பார். முகூர்த்த நேரத்தில், "மாப்பிள்ள, தாலிய அப்படியே புடிங்க. ஐயரே, ஒரு நிமிசம்," என்று அவர் கையைத் தூக்கினால் நாதஸ்வரமே தயங்கும். அவர் தலையாட்டிய பிறகுதான் முடிச்சு விழும். ஒருமுறை செடெனாக்கில் நடந்த கல்யாணத்தில் கூட்டம் மறைத்துவிட்டது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையை எழுப்பி, பெண்ணின் கழுத்தருகே மறுபடியும் கையைக் கொண்டுபோக வைத்து எடுத்தார். ஆல்பத்தில் பார்த்தால் அதுதான் நிஜம் மாதிரி இருந்தது. தவறிப்போன எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம். அந்த அறிவுதான் என்னைக் கெடுத்தது.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவுக்கு முதுகுவலி வந்தது. எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. கூட வேலை செய்த ஒரு சீனப் பெண், முதுகை நீட்டி மடக்கினால் சரியாகிவிடும் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வகுப்புக்கு அழைத்துப் போனார். கடைவீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு பாலே சொல்லித்தரும் இடம் அது. நடத்தியவர் வெளிநாட்டில் ஆடிவிட்டுத் திரும்பிய ஒரு பெண்மணி. எல்லாரும் அவரைக் கோச் என்றே கூப்பிட்டார்கள். கோச் முதலில் முதுகை நீட்டச் சொன்னார். அப்புறம் நடக்கச் சொன்னார், விழச் சொன்னார், தரையில் உருளச் சொன்னார். முதுகுவலிக்காகப் போன எட்டுப் பெண்களும் ஒரு வருடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சலங்கை கிடையாது, அபிநயம் கிடையாது, வெறுங்கால். சோறு வேகும் நேரத்தில் அம்மா அடுப்பருகே ஒற்றைக் காலில் நின்று பழகினாள்.

வருடக் கடைசியில் ஜொகூர் பாருவில் ஓர் அரங்கத்தில் நிகழ்ச்சி என்று முடிவாயிற்று. முதலில் பிள்ளைகளின் பாலே. ஆறாவதாக அம்மாவின் குழு. எட்டுப் பெண்களோடு ஓர் ஆணும் வேண்டும் என்று கோச், டயர் கடை வைத்திருந்த சீன அங்கிளைப் பிடித்துப் போட்டார். அந்த எட்டுப் பேரில் ஒருத்தர் அவருடைய மனைவி. நாள் முழுக்க லாரி டயர் தூக்குகிறவர் என்பதுதான் அவருடைய கலைத் தகுதி.

அவர் தூக்க வேண்டியது என் அம்மாவை. மேடையின் ஒரு மூலையிலிருந்து அம்மா ஓடி வந்து பின்பக்கமாகச் சாய வேண்டும். அங்கிள் இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குவார். மூன்று எண்ணும் வரை அம்மா அங்கேயே இருப்பாள். நானும் கூடப் போயிருந்த ஒத்திகையில் முதல் தடவை அம்மா "ஐயோ" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அங்கிளின் மனைவிதான் அதிகமாகச் சிரித்தார். எனக்கு மட்டும் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னாள், "தூக்குறத அப்பாகிட்ட சொல்லாத. அவரே வந்து பாக்கட்டும், என்ன?" அவள் முகம் சிவந்திருந்தது. நான் தலையாட்டினேன். பத்து வயதுப் பிள்ளையிடம் ரகசியத்தைக் கொடுப்பது மடியில் நெருப்பைக் கட்டிவிடுவது போலத்தான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடு தள்ளி அத்தை இருந்தார், அப்பாவின் அக்கா. ஒருநாள் எங்கள் வீட்டு டிவியில் ஏதோ பாட்டில் ஒருவன் ஒருத்தியைத் தூக்கிச் சுற்றினான். "கண்டவனும் தூக்குறான், இவளும் சிரிக்கிறா. இவளையெல்லாம் புருசங்காரன் வீட்டுல சேப்பானா?" என்றார் அத்தை. அப்பா பல் குத்திக்கொண்டே சும்மா இருந்தார். மௌனம் சம்மதம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். தெருக்கோடி வீட்டில் அப்போதுதான் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்திருந்தார்கள். என்னோடு படித்த பெண் அம்மாவோடு பெக்கான் நானாஸுக்குப் போய்விட்டாள். அவள் தம்பி அப்பாவோடு இருந்தான். எனக்குத் தம்பி கிடையாது. என்னை எப்படிப் பிரிப்பார்கள் என்று படுக்கையில் கிடந்து யோசித்தேன்.

நிகழ்ச்சி இருக்கிறது என்று அம்மா சொன்னதும் அப்பா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "நானே வந்து எடுக்கிறேன்," என்றார். அம்மா சாதம் போட்ட கையோடு அப்படியே நின்றாள். எனக்கு அது மிரட்டல் மாதிரிக் கேட்டது.

கோச்சிடம் அனுமதி வாங்கப் போனபோது அவர் மூன்று நிபந்தனைகள் சொன்னார். ஃபிளாஷ் கூடாது. சத்தம் கூடாது. கொடுத்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கல்யாண வீட்டில் அப்பா செய்வதே இந்த மூன்றையும்தான். ஆனாலும் ஒத்துக்கொண்டார். பழைய கம்பளியை வெட்டி, கேமரா சத்தம் வெளியே வராதபடி ஓர் உறை தைத்தார். சாயங்காலம் ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, சுற்றுகிற காற்றாடியைப் படம் எடுத்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, "இப்ப கேட்டிச்சா? இப்ப?" என்பார். சத்தமில்லாமல் ஒருவர் எதற்குப் படம் எடுக்கப் பழக வேண்டும்? திருடனைப் பிடிக்கத்தான் என்று நான் முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டம். அரங்கத்துக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. அப்பாவுக்கு நடுவரிசையில் ஓர இருக்கை. பக்கத்தில் நான்.

முதலில் பாலே. என் வயதுப் பிள்ளைகள் வெள்ளைப் பாவாடையில், நுனிக்காலில் வந்தார்கள். அப்பா பழக்கதோஷத்தில், "இங்க பாரு" என்று சொல்ல வாயெடுத்து, தானே மூடிக்கொண்டார். முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் எடுத்ததெல்லாம் பிந்திப்போனது. பிள்ளை குதிப்பதைப் பார்த்துவிட்டு அழுத்தினால், படத்தில் பிள்ளை தரையில் இருந்தது. இங்கே யாரும் அவருக்காக நிற்கவில்லை. நாலாவது ஆட்டத்தில்தான் பிடிபட்டது. குதிப்பதற்கு முன் மூச்சை இழுக்கும்போதே அழுத்தினார். சின்னத் திரையில் ஒரு பிள்ளை காற்றில் நின்றது. அதை எனக்குக் காட்டித் தொடையில் தட்டினார். இனி அவர் எதையும் தவறவிட மாட்டார்.

ஆறாவது ஆட்டம். நீல வெளிச்சம். எட்டுப் பெண்கள் சாம்பல் நிற உடையில் தரையில் கிடந்தார்கள். அம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தாள். வெளியில் எங்கேயும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அவள் எழுந்து நடந்தபோது, அது யாரோ மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

அப்பாவின் கண் கேமராவை விட்டு அகலவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். எதை எண்ணுகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"அப்பா, ஒன்னுக்கு வருது."

"இருமா. கொஞ்ச நேரம்."

"இப்பவே வருது."

தண்ணீர்ப் போத்தலைக் கீழே போட்டேன். அது உருண்டு முன்வரிசை வரைக்கும் போயிற்று. நாலைந்து பேர் திரும்பி என்னை முறைத்தார்கள். அப்பா திரும்பவில்லை. மேடையில் அம்மா மூலைக்குப் போய்விட்டாள். டயர் கடை அங்கிள் நடுவில் வந்து கையை விரித்து நின்றார். அம்மா ஓட ஆரம்பித்தாள். அப்பா மூச்சை இழுத்துப் பிடித்தார்.

நான் எழுந்து கேமராக் கண்ணாடியை உள்ளங்கையால் பொத்தினேன்.

கம்பளிக்குள் கேமரா மூன்று தடவை அடித்தது என் கைக்குத் தெரிந்தது. மேடையில் அம்மா மேலே போனாள். ஒரு கை தொங்கியது, தலை பின்னால் சாய்ந்திருந்தது, கூந்தல் அங்கிளின் முகத்தை மறைத்தது. அம்மாவின் முகத்தில் நான் எதிர்பார்த்த வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகம் போல இருந்தது. எங்கள் வீட்டில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். நானும் எப்போது இறக்குவார்கள் என்றுதான் பார்த்தேன்.

அப்பா கேமராவை இறக்கினார். மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா தரைக்கு வந்துவிட்டாள், கைதட்டலும் தொடங்கிவிட்டது.

இடைவேளையில் என்னை வெளியே கூட்டிப் போய், ஒரு தூணருகே நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா மறைச்ச?"

நான் தூணைச் சுரண்டினேன்.

"அம்மா அப்படி ஆடுறது உனக்கு வெக்கமா இருந்திச்சா?"

அது உண்மை இல்லை. உண்மையைச் சொன்னால் ரகசியம் உடையும். கேள்வியிலேயே பதில் தயாராக இருந்தது. தலையாட்டிவிட்டேன். அப்பா என் தலையில் கை வைத்தார்.

"திரும்ப எடுத்துக்கலாம்ல அப்பா? அங்கிள மறுபடி தூக்கச் சொல்லலாம்," என்றேன்.

"இது கல்யாணம் இல்லம்மா."

அப்போது டயர் கடை அங்கிள் வேர்வை சொட்டச் சொட்ட ஓடி வந்தார். "போஸ்! டாப்பாட் தாக்?" கிடைத்ததா என்று கேட்டார். புதன்கிழமை அப்பா தன் கடைக்கு வந்ததை அவரே மலாயில் சொல்லிச் சிரித்தார். மாற்ற டயர் எதுவும் இல்லையாம். தூக்குவதைக் கோச் அவரிடம் சொல்லியிருந்தாராம். எத்தனையாவது எண்ணிக்கையில் தூக்குவீர்கள், அப்போது அவள் முகம் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டுக் கையில் எழுதிக்கொண்டு போனாராம். என் பெண்டாட்டியிடம் சொல்லாதீர்கள் என்று வேறு சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

அப்பாவுக்கு முன்பே தெரியும். அந்த இரண்டு நாள் அவர் பேசாமல் இருந்தது, இருட்டு அரங்கத்தில் யாரையும் நிறுத்தாமல் எப்படி எடுப்பது என்ற கவலையில்.

"பேட்டரி செத்துப் போச்சு," என்றார் அப்பா, மலாயிலேயே.

"அலமாக்," என்று அங்கிள் நெற்றியில் அடித்துக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் அம்மா வந்தாள். மையும் வேர்வையும் கலந்த முகம். என்னை அணைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள். "எடுத்தீங்களா?" அவ்வளவுதான் கேட்டாள். அவள் அப்படி ஆசையாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"பேட்டரி முடிஞ்சிருச்சு. சரியா அந்த நேரத்துல."

அம்மா அவருடைய தோள்பையைப் பார்த்தாள். காலையில் நாலு பேட்டரிகளையும் சார்ஜ் போட்டு, துடைத்து, அந்தப் பையில் அடுக்கி வைத்தவளே அவள்தான்.

"அப்படியா," என்றாள்.

உன் மகளே உன்னைப் பார்க்கக் கூடாது என்று கண்ணாடியைப் பொத்தினாள் என்று சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். வேறொருவன் தூக்கியதைப் பார்க்கப் பிடிக்காமல் கேமராவை இறக்கிவிட்டார் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். இரண்டு பேருமே ஒரு வார்த்தை விளக்கம் கேட்கவில்லை, சொல்லவில்லை. ஊரில் உள்ள மணப்பெண்களெல்லாம் அப்பாவின் அலமாரியில் இருக்கிறார்கள். அம்மா காற்றில் இருந்த அந்த மூன்று எண்ணிக்கைக்கு மட்டும் மூன்று கறுப்புப் படங்கள்தான் மிச்சம். இதெல்லாம் எனக்கு விளங்க, எனக்கே கல்யாணமாகி, நானும் ஒருவரிடம் "அப்படியா" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கு எனக்கு நிம்மதிதான். காரில் யாரும் சத்தம் போடவில்லை. வீட்டில் தட்டு பறக்கவில்லை. என்னைப் பிரிக்கப் போவதில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் அம்மா வகுப்புக்குக் கிளம்பவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் கார்ச் சாவியோடு நின்றார்.

"போகலயா?"

"முதுகுவலி சரியாயிருச்சுங்க," என்றாள் அம்மா.

அப்பா சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். அம்மா கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு, எனக்குத் தோசை ஊற்ற ஆரம்பித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வீட்டில் இருந்தாள். நான் சந்தோஷமாக இன்னொரு தோசை கேட்டேன்.