சிவப்புச் சேவல்

பூண்டியில் என் அத்தை வீட்டுக் கோழிகள் எல்லாம் சாம்பல் நிறம். ஒரே தாய்க்கோழியின் வம்சம். அண்ணன் தங்கை, அப்பன் மகள் என்று தங்களுக்குள்ளேயே கூடிப் பெருகியவை. அடை வைத்தால் பாதி கூமுட்டையாகிவிடும். ஐம்பதுகளின் கடைசியில் மதுரையில் விலங்கியல் படித்து, கொடைக்கானல் பள்ளியொன்றில் வாத்தியாராக இருந்தேன். விடுமுறை வந்தால் அதே மலையிலிருக்கும் பூண்டிக்குப் போய்விடுவேன். அத்தை மகள் எனக்கு முறைப்பெண்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பூண்டு வாங்க வரும் ஒருவன் அவளுக்கு ஒரு சிவப்புச் சேவலைக் கொடுத்திருந்தான். எங்கள் ஆட்கள்தான், ஆனால் சொந்தமில்லை. அவன் குரல் கேட்டால் அவள் தலையை இன்னொரு தரம் வாரிக்கொள்வாள். எனக்காக அவள் சீப்பைத் தொட்டதில்லை.

அந்தச் சேவல் சும்மா நின்றாலே கோழிகள் பக்கத்தில் போய் ஒண்டின. பழைய சாம்பல் சேவல் நெருங்கினால் உதறிக்கொண்டு ஓடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாம்பல் சேவலுக்கு மட்டும் கம்பு இறைத்தேன். அவள் பார்த்துச் சிரித்தாள்.

"எம்புட்டுத் தீனி போட்டாலும் ஆகாது மச்சான். கோழிக்கு முறையெல்லாம் கெடையாது."

கொஞ்ச நாளில், அவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் நம்ம கோழி மாதிரிதான் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறாள். மாமா என்னைக் கூப்பிட்டு, அவளையும் எதிரில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ படிச்சவன் மாப்ளே. இவ சொல்றது நெசமா?"

நெருங்கிய ரத்தமே கூடக்கூட உள்ளே மறைந்திருக்கும் குறைகள் பிள்ளைகளிடம் வெளிப்படலாம், வேறு ரத்தம் கலந்தால் வம்சம் வலுக்கும். வகுப்பில் நான் நடத்திய பாடம் அது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்ணுக்குள் அந்தப் பூண்டு வியாபாரி நின்றான்.

"அது கோழிக்கு மாமா. மனுசனுக்கு இல்ல" என்றேன்.

எனக்கும் அவளுக்கும் பரிசம் போட்டார்கள். மறுநாள் விருந்துக்கு எதை அறுக்கலாம் என்று அத்தை கேட்டபோது சிவப்புச் சேவலைக் காட்டினேன். அவள் சாப்பிடவில்லை. நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு கோழிகள் இட்ட முட்டைகளை அவள் அடை வைத்தாள். ஒன்றுகூடக் கூமுட்டையாகவில்லை. வளர வளரக் குஞ்சுகளுக்குச் சிவப்பு இறகு முளைத்தது. கூடிய சேவலின் வித்தைக் கோழி சில நாள் தனக்குள் வைத்திருக்கும். அதுவும் நான் படித்ததுதான். அறுத்துத் தின்ற பிறகும் அது என்னை ஜெயித்துவிட்டது.

கல்யாணமாகி வந்தபோது அவற்றில் இரண்டைக் கூடையில் கொண்டுவந்தாள். எங்கள் மூத்த மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காரணம் என்னவென்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அந்த வம்சத்துக் கோழிகள் இன்னும் கொல்லையில் இருக்கின்றன. விடிந்ததும் அவள் தீனி போடப் போகிறாள். போகுமுன் தலை வாரிக்கொள்கிறாளா என்று, இந்த வயதிலும், படுக்கையிலிருந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.